எத்திராஜின் வலது காது

அப்பா கன்னத்தில் அறை வாங்கிக் காது போன கதையை ஜெகதீசன் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதுமில்லை. கல்யாணப் பந்தியிலோ, புதுமனை புகுந்த வீட்டு மொட்டை மாடியிலோ, அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "வேதாசலம் அண்ணன் கை இருக்கே, அது கை இல்லப்பா, துடுப்பு" என்று ஆரம்பித்தால், அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவான். அந்த இடங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். இன்று காலையிலும் சிரித்தான். ஆற்காடு ரோட்டில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருக்கும் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற இந்தக் காது பரிசோதனை நிலையத்தில், ஹெப்சி என்ற அந்தப் பெண் "வலது காது எப்படி தாத்தா போச்சு?" என்று கேட்டதுதான் தாமதம். "சினிமால போச்சும்மா" என்றார் அப்பா. "சினிமாலயா?" "நான் ஆக்டரும்மா. அடி வாங்குற ஆக்டர். எத்திராஜ்னு பேர். பேர் யாருக்கும் தெரியாது, கன்னம் எல்லாருக்கும் தெரியும்." அவள் நம்பாமல் ஜெகதீசனைப் பார்த்தாள். அவன் தன் போனை எடுத்து மகள் அனுப்பியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினான். உடனே அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, 'காத்து இருக்காண்ணே' தாத்தாவா நீங்க! எங்க ஹாஸ்டல் குரூப்ல தினம் உங்களத்தானே அடிச்சிட்டிருப்போம்!" என்றாள். அப்பா எழுந்து நின்று அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். எண்பத்திரண்டு வயதில், காதில் ஒன்று செத்தும் ஒன்று சாகக் கிடந்தும், அவ்வளவு சந்தோஷம். 'சைக்கிள் கடை சம்பந்தி' என்று ஒரு படம், வந்த சுவடு தெரியாமல் போனது. அதில் ஒரே ஒரு காட்சி மட்டும் நாற்பது வருஷம் கழித்து செல்போனுக்குள் உயிர் பெற்றுவிட்டது. கடை முதலாளியாக வரும் காமெடியன் வேதாசலம், வெடி வேதாசலம் என்பார்கள், டயருக்குக் காற்றடித்துவிட்டு நிமிர்கிறார். வேலையாள் எத்திராஜ் அந்த டயரை அமுக்கிப் பார்த்து "காத்து இருக்காண்ணே?" என்கிறார். பளார். "இப்பப் போயிடுச்சு." அவ்வளவுதான். ஸ்டிக்கரில் அந்தப் பளார் மட்டும் திரும்பத் திரும்ப வரும். கை வரும், கன்னம் திரும்பும், கை வரும், கன்னம் திரும்பும். நிறுத்துவதற்கு அதில் வழியே கிடையாது. இந்த நிமிஷத்தில்கூட, சம்பளம் ஏறாதவனும் காதலி ஓடிப்போனவனும் கிரிக்கெட்டில் தோற்றவனும் எங்கெங்கோ உட்கார்ந்து அவன் அப்பாவை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஹெப்சி வெளியில் இருந்த பெட்டியில் எதையோ திருகிக்கொண்டே மைக்கில், "தாத்தா, சத்தம் வராமலேயே அமுக்குறீங்க" என்றாள். "டைமிங்கும்மா. நீ எப்பக் கொடுப்பேன்னு உன் தோளைப் பார்த்தாலே தெரியுது" என்றார் அப்பா. உண்மைதான். அடி எப்போது வரும் என்று தோளைப் பார்த்தே கண்டுபிடிக்கிற வித்தையில்தான் அவருடைய வாழ்க்கை ஓடியது. அடி வருவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் முகத்தைத் திருப்பிவிட வேண்டும். முன்னாலேயே திருப்பினால் பொய், பின்னால் திருப்பினால் பல் போகும். அப்படிப்பட்டவருக்கு அந்த ஒரு அறை மட்டும் எப்படித் தப்பியது? இங்கேதான் ஜெகதீசன் முதலில் தடுக்கி விழுந்தான், இருபத்தெட்டு வயதில். அவன் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டியைப் பார்த்து, அடி எந்தப் பக்கம் விழுந்தது, எந்த உயரத்தில் விழுந்தது, சொல்கிற கதையும் நெளிந்த தகரமும் ஒத்துப்போகிறதா என்று எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு. மாடு குறுக்கே வந்தது என்பார்கள், நெளிவைத் தடவிப் பார்த்தால் மரத்தின் பட்டை ஒட்டியிருக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், நேருக்கு நேர் மோதிய இரண்டு வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் அவனுக்கு அப்பாவின் கன்னம் நினைவுக்கு வந்தது. எதிரே நிற்பவன் வலது கையால் அடித்தால் அடி இடது கன்னத்தில்தான் விழும். வேதாசலம் வலது கைக்காரர். எல்லாப் படத்திலும் வலது கையால்தான் சாப்பிட்டார், வலது கையால்தான் வீணாய்ப் போனவர்களை அறைந்தார். அப்பாவுக்குப் போனது வலது காது. அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, புறங்கையாக இருக்கலாம், அப்பா திரும்பி நின்றிருக்கலாம் என்று தானே சாக்குகளைத் தேடிக் கொடுத்துவிட்டு அடங்கினான். பொய்க் கதை சொல்கிற வண்டிக்காரனுக்கு மட்டும் ஒரு நாளும் அப்படித் தேடிக் கொடுத்ததில்லை. போன வருஷம் அந்தக் காட்சியை யாரோ யூடியூபில் ஏற்றினார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். வேதாசலத்தின் இடது கை வந்தது. அப்பாவின் வலது கன்னம் பறந்தது. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதான், அவ்வளவு நிம்மதி. இருபத்தைந்து வருஷமாக ஒரு நல்ல மனுஷரைச் சந்தேகப்பட்டோமே என்று இரண்டு மாதம் அப்பாவுக்குப் பிடித்த பால்கோவாவாக வாங்கிக் கொடுத்தான். அதன் பிறகு ஒரு நாள், ஆபீஸ் குரூப்பில் எவனோ அனுப்பிய அதே ஸ்டிக்கரை சும்மா பெரிதாக்கிப் பார்த்தபோது, அப்பாவின் தலைக்குப் பின்னால் 'சண்முகம் சைக்கிள் மார்ட்' பலகை தெரிந்தது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது. திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்கள், உரிமைக்காரன் கண்டுபிடித்துத் தூக்கிவிடக் கூடாது என்று, படத்தை இடவலம் மாற்றிப் போடுவார்களாம். அப்படியானால் அந்தக் கை வலது கை. கன்னம் இடது கன்னம். பால்கோவாவை நிறுத்திவிட்டான். அப்பா காரணம் கேட்கவில்லை. சுகர் என்று நினைத்திருப்பார்.

கீழே ரோட்டில் யாரோ கத்தினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். தகரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆட்டோ மாட்டிக்கொண்டிருந்தது. காரில் வந்த ஒருவன் இறங்கி வந்து ஆட்டோக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். "டேய், யாரைப் பார்த்து ஹாரன் அடிக்கிற?" "விடு சார், வயசுக்கு மரியாதை கொடு." "உனக்கென்னடா மரியாதை?" பளார். சினிமாவில் வருகிற மாதிரி இல்லை சத்தம். ஈரத் துணியைத் தரையில் போட்டது மாதிரி, சப்பென்று, அற்பமாக. ஆட்டோக்காரர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். நாளைக்கு இதுவும் ஸ்டிக்கராகும். ஜெகதீசனின் இடது கை தானாக மூடிக்கொண்டது. அவன் அதை எடுத்து பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டான். எங்கே சண்டை நடந்தாலும் அந்தக் கையைப் பாக்கெட்டில் போட்டுவிடுவான். "சண்டைன்னா ஊர்ல எல்லாரும் கையை வெளிய எடுப்பாங்க, எங்க வீட்டுக்காரர் உள்ள போடுவார்" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவன் யாரையும் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில் இல்லை, மகளை ஒரு தட்டுகூடத் தட்டியதில்லை. ஆனால் மனத்துக்குள் அடித்திருக்கிறான். இதோ, காலரைப் பிடித்தவன் மண்டையைக் கார் கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் வைத்து கதவைச் சாத்துகிறான், மறுபடி திறக்கிறான், மறுபடி சாத்துகிறான், எலும்பு நொறுங்குகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது இது? நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து வந்ததா? இல்லை. அதற்கும் முன்னால். கோடம்பாக்கத்து ஸ்டோர் வீட்டில், வரிசையாக எட்டு வீட்டுக்கு ஒரே முற்றம், ஒரே குழாய். அந்த முற்றத்தில் அப்பாவுக்குப் பெரிய மதிப்பு. ஷூட்டிங் முடிந்து வந்தால் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். எப்படி விழுந்தார், எப்படிச் சேற்றில் உருண்டார் என்று நடித்துக் காட்டுவார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்புறம் உள்ளே வந்து கதவைச் சாத்துவார். ரசத்தில் உப்பு இல்லை. அல்லது இருக்கிறது. அம்மாவின் பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். பகல் முழுக்க வாங்கியதை எண்ணிப் பார்த்து வட்டியோடு கொடுக்கிற மாதிரி இருக்கும். வாயைத் திறக்க மாட்டாள் அம்மா, சுலோச்சனா. அவள் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், கேட்டால் சிரிக்கவைக்கிற மனுஷனுடைய மானம் போய்விடும். அலமாரிக் கதவில் அவள் தலை இடிக்கிற சத்தத்தை மறைக்க ரேடியோவைச் சத்தமாக வைக்கும் வேலை ஜெகதீசனுடையது. யாரும் சொல்லவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான்.

ரேடியோ. அதுதான் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், ஒலிச்சித்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் படத்தின் வசனத்தையும் சத்தத்தையும் மட்டும் வெட்டி ஒட்டி ரேடியோவில் போடுவார்கள், ஸ்டோரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். யார் படம் என்று நினைவில்லை. வில்லன் சிரித்தான், யாரோ ஒரு பெண் "விடுங்க, விடுங்க" என்றாள். அந்தப் பெண் ரேடியோவில் இருந்தாளா, அலமாரிப் பக்கம் இருந்தாளா? அம்மா ஒரு நாளும் "விடுங்க" என்று சொன்னதில்லை. அன்று மட்டும் சொன்னாளா? ஞாயிற்றுக்கிழமை என்றால் சப்பாத்தி. பலகைக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான், மாவு உருண்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு. பத்து வயது. இடது கையால் தேய்த்தால் சப்பாத்தி வட்டமாக வராது என்று அம்மா சிரிப்பாள். அவளுக்கும் இடது கைதான், அவளுக்கு மட்டும் எப்படி வந்தது வட்டமாக? முந்தின நாள்தான் அந்தப் படப்பிடிப்பு. சனிக்கிழமை அறை, திங்கட்கிழமை டாக்டர், இது அப்பா கதையில் வருகிற வரிசை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஸ்டோர் முற்றத்தில் உட்கார்ந்து, எட்டு வீட்டார் பேச்சுக்கும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாரே! அப்புறம் மத்தியானம். பின்னல், மணிக்கட்டில் ஒரு சுற்று. அம்மாவைத் தரையோடு குனிய வைத்திருந்தார், அவள் முகம் பலகைக்கு ஒரு ஜாண் மேலே இருந்தது. ரேடியோவில் கதாநாயகன் வந்துவிட்டான். டிஷ்யூம். டிஷ்யூம். மூன்றாவதாக ஒரு சத்தம், அது மட்டும் வேறு மாதிரி, தேங்காய் விடலை போட்டது மாதிரி. அது ரேடியோ இல்லை. அப்பா மெதுவாக உட்கார்ந்தார். படங்களில் உட்காருவதுபோலவே, கண்ணை அகல விரித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சிரிப்பு வருகிற மாதிரி. காதிலிருந்து கழுத்து வழியாகப் பனியனுக்குள் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. அடுத்து பூரிக்கட்டை தரையில் உருண்டு போகிறது. அலமாரியில் முட்டி நிற்கிறது. அதற்கு முன்னால் அது யார் கையில் இருந்தது? இந்த இடத்தில்தான், நாற்பத்து நான்கு வருஷமாக, படச்சுருள் அறுந்து வெள்ளைத் திரை வருகிறது. அம்மா கையில் என்று வைத்துப் பார்ப்பான். பொருந்தும். ஆனால் அம்மா கட்டையை ஓங்குவதாக வருகிற அந்த உருவம், வாரப் பத்திரிகை ஜோக்கில் வருகிற பெண்டாட்டி மாதிரியே இருக்கும். கொண்டை, குண்டு உடம்பு, ஓங்கிய பூரிக்கட்டை, கீழே புடைத்த மண்டையோடு புருஷன். சுலோச்சனா குண்டாக இருந்ததே இல்லை. கொண்டை போட்டதும் இல்லை. அதை அவன் பார்க்கவில்லை, படித்திருக்கிறான். படித்ததை எடுத்து அறுந்த இடத்தில் ஒட்டிவைத்திருக்கிறான். அந்த ஜோக்குகளுக்கு நாடே சிரித்தது. அவனால் மட்டும் சிரிக்க முடியவில்லை. நிஜமாகப் பார்த்தது அதற்குப் பிறகு வருவதுதான். அம்மா அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அவனுடைய இடது கையை விரித்து, விரல்களுக்கு நடுவில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொரு விரலாகச் சுரண்டி எடுக்கிறாள். ஒரு பக்கம் புருஷனுக்கு ரத்தம் போகிறது. அவள் மகன் கையிலிருந்து மாவைச் சுரண்டுகிறாள். ஏன் மாவை எடுத்தாள்? ஏன் முதலில் மாவை எடுத்தாள்?

"சார்" என்றாள் ஹெப்சி. அவன் திடுக்கிட்டான். "இடது காது வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு. வலது காது நான் நினைச்ச அளவுக்கு மோசமில்ல. அடியோட போகல, கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கு. மெஷின் வெச்சா கேக்கும். இத்தனை வருஷமா ஏன் சார் வைக்கல?" கேட்காத காது இருந்தால்தான் கதை இருக்கும், கதை இருந்தால்தான் அப்பா இருப்பார். இப்போது மட்டும் வந்ததற்குக் காரணம், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்து பேட்டி எடுக்கப் போகிறார்கள். கேள்வி காதில் விழ வேண்டுமே. அப்பா புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார். விளம்பரப் படத்தை இப்போதே போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் அப்பா காதைப் பொத்தியபடி, மறு பக்கம் வேதாசலம் கையை ஓங்கியபடி, நடுவில் ரத்தச் சிவப்பில், 'என் காதைப் பறித்த கை!' நேற்று மத்தியானம் ஒரு போன் வந்தது. "அண்ணா, நான் கோமளா. வேதாசலம் பொண்ணு. உங்க வீட்டுக்கு ஒரு தடவை வந்திருக்கேன், பாவாடை கட்டிட்டு, நீங்க மாங்கா நறுக்கிக் கொடுத்தீங்க." அவனுக்கு நினைவிருந்தது. "அந்த விளம்பரம் பார்த்தேன். அப்பா சாகுற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தார் அண்ணா. கடைசில நினைவு தப்பினப்பக்கூட, 'எத்திராஜுக்குக் கேக்குதா, எத்திராஜுக்குக் கேக்குதா'ன்னு. இனிமே ஊரே அவரை அப்படித்தானே பேசும்? உங்க அப்பாகிட்ட அதை மட்டும் சொல்ல வேணாம்னு சொல்றீங்களா?" பிறகு அவளே, "உண்மைன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. அவர் வாங்கினது அவருக்குத் தெரியும். உண்மைதானே அண்ணா?" என்றாள். "உண்மைதாம்மா" என்று சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா" என்று சொல்லியிருக்கலாம். "அப்புறம் கூப்பிடறேம்மா" என்றான், கேவலமாக.

வேதாசலம் அவர்கள் வீட்டுக்கு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. அம்பாசடர் கார் ஸ்டோர் வாசலில் வந்து நின்றதும் எட்டு வீடும் வெளியே வந்துவிட்டது. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள். வந்தவர் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட தலையோடு கிடந்த அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, முகத்தில் அறைந்துகொண்டார். "இந்தக் கையை வெட்டிப் போடணும்டா எத்திராஜு. டைமிங் தப்பிட்டேன்டா." அப்பா அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இல்லண்ணே, நீங்க இல்ல. சின்ன வாக்கியம். அப்பா வேதாசலத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக அவனைப் பார்த்தார். அலமாரியை ஒட்டி நின்றிருந்த பத்து வயதுப் பையனை, ஒரு இமைப்பொழுது, அடி வருவதற்கு முன்னால் தோளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "விடுங்கண்ணே. தொழில்ல இதெல்லாம் சகஜம்" என்றார். அன்றுதான் கதை பிறந்தது. "தங்கச்சி, நீயாவது என்னைத் திட்டும்மா" என்று வேதாசலம் அம்மாவிடம் திரும்பினார். அம்மா அவனுடைய இடது கையைத் தன் முந்தானைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்திருந்தாள், எலும்பு வலித்தது. அதற்குப் பிறகு வேதாசலம் தன் எல்லாப் படத்திலும் அப்பாவுக்கு ஒரு வேஷம் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் அரிசி தட்டாமல் இருந்தது. ஆனால் அவர் கை பிறகு யார் கன்னத்தையும் தொடவில்லை. காற்றில் வீசுவார், சத்தத்தை அப்புறம் சேர்ப்பார்கள், சனங்களுக்குப் புரிந்துவிட்டது. 'வெடி நமத்துவிட்டது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. இரண்டு மூன்று வருஷத்தில் அவருக்கே வேஷம் இல்லை. ஒரு மனுஷனை மெதுவாக, சிரித்துக்கொண்டே, சாகடித்தோமா நாங்கள்? அப்பாவும் அதன் பிறகு அம்மாவைத் தொட்டு அடிக்கவில்லை, ஒரு நாள்கூட. "வேதாசலம் அண்ணன் அறைஞ்சதுல கோபமெல்லாம் காது வழியா வெளிய போயிடுச்சு" என்பார் கதையின் முடிவில். அங்கேதான் எல்லோரும் கடைசியாகச் சிரிப்பார்கள். அம்மா மட்டும் அதற்கு முன்பே எழுந்து தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள். பூரிக்கட்டையை அவள் கிணற்றில் போட்டுவிட்டாள். சாகும் வரைக்கும் சப்பாத்தியை அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலால்தான் தேய்த்தாள். அவனைப் பலகைப் பக்கம் மறுபடி உட்காரவிடவில்லை. சினிமாவுக்குப் போனால் அப்பா அவனைத் தன் வலது பக்கம்தான் உட்கார வைத்துக்கொள்வார். "இந்தப் பக்கம் இருந்தா இவன் தொணதொணப்பு கேக்காது" என்பார். கேட்காத பக்கம். அடி எப்போது வரும் என்று தெரியாத பக்கம். வேண்டுமென்றே அங்கேதான் அவனை வைத்துக்கொண்டார்.

ஹெப்சி அப்பாவைக் கூண்டிலிருந்து வெளியே கூட்டி வந்து சுழல் நாற்காலியில் உட்கார வைத்தாள். பழுப்பாக, வெண்டைக்காய் விதை பெரிதானால் எப்படியோ அப்படி ஒரு சின்ன மெஷின். அதைக் காதுக்குப் பின்னால் பொருத்தப் போனவள் நிறுத்தினாள். "தாத்தா, இங்க ஒரு பழைய தழும்பு இருக்கே. ஆழமா இருக்கு. மெஷின் இதுமேலதான் உக்காரும், உறுத்துமே?" "அதுவா? அது..." அப்பா ஒரு கணம் தடுமாறினார். எண்பத்திரண்டு வயதிலும் டைமிங் தப்பாதவர் தடுமாறினார். "அறைஞ்சதும் கீழ விழுந்தேன்ல, சைக்கிள் ஸ்டாண்டு குத்திடுச்சு." சைக்கிள் ஸ்டாண்டு கதையில் புதிது. இத்தனை வருஷத்தில், இத்தனை பந்தியில், ஒரு தடவைகூட வந்ததில்லை. படத்தில் அப்பா விழவே இல்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜெகதீசன் எழுந்து போய் அப்பாவின் காதை மடித்துப் பார்த்தான். காகிதம் மாதிரி மெலிந்த காது, வெள்ளை முடி, உள்ளே ஒரு வெளுத்த கோடு. கீழே தடித்து, மேலே போகப் போக மெலிந்தது. அடி கீழிருந்து மேலே வந்திருக்கிறது. இதே கோட்டை ஒரு காரின் கதவில் பார்த்திருந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பான், மோதியது உயரம் குறைந்த வண்டி என்று. தரையோடு குனிய வைக்கப்பட்ட ஒரு பெண் அடித்தாலும் கீழிருந்துதான் வரும். பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பத்து வயதுப் பையன் அடித்தாலும் கீழிருந்துதான் வரும். இரண்டு பேருக்கும் இடது கை. அவனுடைய விரல் அந்தக் கோட்டின் மேல் நின்றது. இடது கை விரல். பாக்கெட்டிலிருந்து எப்போது வெளியே வந்தது? அப்பா தலையை அசைக்கவில்லை. "என்னடா பாக்குற, வண்டி நெளிஞ்ச மாதிரி?" என்றார். சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம்தான்.

"பரவால்ல தாத்தா, கொஞ்சம் தள்ளி வெச்சுடறேன்" என்று ஹெப்சி மெஷினை மாட்டினாள். இடது காதில் பஞ்சு மாதிரி ஒன்றைத் திணித்து அடைத்தாள். "சார், நீங்க அவருக்குப் பின்னால நில்லுங்க. வாயைப் பார்த்தா ஊகிச்சிடுவாங்க. வீட்ல பேசற குரல்லயே, கத்தாம, ஏதாவது கேள்வி கேளுங்க. பதில் சொன்னார்னா கேக்குதுன்னு அர்த்தம்." வெளியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "கேட்டுட்டிருங்க, வந்துடறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ரோட்டின் இரைச்சல் அறுந்தது. அப்பாவின் பின்மண்டை, சவரம் செய்த பிடரி, புதுச் சட்டைக்கு அளவெடுத்த தோள். அந்தத் தோளைப் பார்த்தபடி நின்றான். உயரம் மாறிவிட்டது, இப்போது அவன் மேலே, அப்பா கீழே. வலது பக்கமாகக் குனிந்தான். "அப்பா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" தோள் சிலிர்த்தது. "இட்லி" என்றார் அப்பா, மெதுவாக, நம்பாமல். பிறகு கையைத் தூக்கி அந்தக் காதுப் பக்கம் காற்றில் தடவினார், அங்கே யாரோ நிற்பதுபோல். "டேய் ஜெகா. இந்தப் பக்கத்துலருந்து உன் குரல் வருதுடா. உங்கம்மா இருந்திருந்தா அவளைப் பேசச் சொல்லிக் கேட்டிருப்பேன். இன்னும் ஏதாவது கேளு. இன்னும் ஏதாவது." அவர் திரும்பவில்லை. கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். கோமளா போனுக்காகக் காத்திருப்பாள். சாகும்போதும் எத்திராஜுக்குக் கேட்கிறதா என்று கேட்டவர் செத்துப் பன்னிரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை கேமரா வந்துவிடும், அப்புறம் இது கதை இல்லை, சரித்திரம். விரல்களுக்கு நடுவே மாவு காய்ந்து இழுப்பதுபோல் இருந்தது. இடது கையை அப்பாவின் தோளில் வைத்தான். அடிக்கிற கை இல்லை என்று தோளுக்குத் தெரியவேண்டும் என்று மெதுவாக வைத்தான். கத்தாமல், வீட்டில் பேசுகிற குரலிலேயே கேட்டான்.

"அப்பா, அந்த ஞாயித்துக்கிழமை உங்களை அடிச்சது அம்மாவா, நானா?"